லூயி ஆம்ஸ்டிராங்

நன்றியறிதல் வேறு, அடிமைப்பணிவு வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவார் உலகிற் பலர். அம்மயக்கத்தைத் தம் வாழ்வால் நீக்கிய ஒருவரது சரிதத்தை ஈண்டு நாம் சிந்திக்கப் புகுகின்றோம். அவரே ஜாஸ் என்னும் அமெரிக்க இசையில் ஒப்பற்ற எக்காள வித்தகராய் விளங்கிய லூயி ஆம்ஸ்டிராங்.

1901-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ஆம் நாள், நியூ ஆர்லியன்ஸ் நகரில், வறுமை மிக்க கறுப்பினக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை கைவிட்டார், தாயும் பாட்டியுமே வளர்த்தனர். லித்துவேனியாவிலிருந்து குடியேறிய கார்னோஃப்ஸ்கி என்னும் யூதக் குடும்பத்தார் சிறுவனுக்கு வேலையும் உணவும் அளித்தனர். அவர்களது பழஞ்சாமான் வண்டியிலமர்ந்து தகரக்கொம்பு ஊதி மக்களை அழைப்பது அவன் தொழில். எக்காளத்தினும் சற்றுக் குறுகிய கார்னெட் என்னும் கருவியொன்றை அவன் விலைக்கு வாங்கவும் அவர்களே துணைபுரிந்தனர். 1969-இல் நோயுற்று மருத்துவமனையிற் கிடந்த காலத்தும் அக்குடும்பத்தாரைப் பற்றி அவர் அன்பொழுக எழுதினார்.

1912-ஆம் ஆண்டின் இறுதி நாளிரவு, புத்தாண்டுக் களிப்பில் கைத்துப்பாக்கி சுட்ட குற்றத்திற்காக, அச்சிறுவன் கறுப்பினச் சிறார்க்குரிய சீர்திருத்த விடுதிக்கு அனுப்பப்பட்டான். தண்டனையாய் வந்ததே வரமாயிற்று. அங்கே பீட்டர் டேவிஸ் என்னும் ஆசிரியர் அவனுக்கு முறையாகக் கார்னெட் பயிற்றி, விடுதியின் வாத்தியக் குழுவிற்குத் தலைவனுமாக்கினார். புகழெய்திய பின்னர், 1931-இல், ஆம்ஸ்டிராங் அவ்விடுதியைத் தேடிச் சென்று கண்டார்.

எனினும் அவர் தந்தைபோற் போற்றிய ஆசான் ஜோ ஆலிவர் என்பவரே. ஆசானின் வீட்டுக்கு ஏவல் செய்து பாடங் கேட்ட மாணாக்கரை, 1922-இல் ஆலிவர் சிகாகோ நகருக்கு வரவழைத்துத் தம் குழுவிற் சேர்த்துக்கொண்டார். 1923-இல் இசைத்தட்டுப் பதிவு நடந்தபோது, மாணாக்கரின் ஓசை ஆசானின் ஓசையை அமிழ்த்திவிடாதபடி அவரைத் தொலைவில் நிறுத்தினர் என்பர். 1925 முதல் 1928 வரை தம் குழுவினருடன் அவர் செய்த பதிவுகள் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றின. பலர் கூடி ஒருங்கே ஊதிய அவ்விசையில், ஒருவர் தனித்து நின்று கற்பனையை விரித்தூதும் முறை ஓங்கியது. அவற்றுள் தலைசிறந்ததெனப் போற்றப்படும் 1928-ஆம் ஆண்டுப் பதிவு, ஆலிவர் இயற்றிய பாட்டே என்பது நாம் மறவாது குறிக்கத்தக்கது.

மாணாக்கர் உயர, ஆசான் தாழ்ந்தார். ஈறு நோயால் ஊதும் ஆற்றல் குன்றி, சவன்னா நகரில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஆலிவரைக் கண்டு, கையிலிருந்த பணத்தைக் கொடுத்ததாக ஆம்ஸ்டிராங் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1938-இல் ஆலிவர் வறுமையிலேயே மாண்டார்.

மேடையில் என்றும் முறுவலித்த ஆம்ஸ்டிராங்கை, வெள்ளையர்க்குப் பணிபவர் என்று இளைய கறுப்பின இசைஞர் சிலர் இகழ்ந்தனர். 1957-இல் அவ்விகழ்ச்சிக்கு விடை கிடைத்தது. லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மரைப் பள்ளிக்குள் விடாது ஆளுநர் படைகொண்டு தடுத்தபோது, ஐசனோவர் அதிபரின் தயக்கத்தை அவர் வெளிப்படையாய்க் கடிந்தார். அரசின் சார்பில் சோவியத்து நாடு செல்லவும் மறுத்தார். இதனால் அவருடைய நிகழ்ச்சிகளைப் புறக்கணிக்குமாறு சிலர் கூக்குரலிட்டனர்; அவரோ சொன்ன சொல்லை மீட்டாரல்லர். பின்னர் அதிபர் படையனுப்பி மாணவரைக் காத்தபோது, அவரைப் பாராட்டித் தந்தி விடுக்கவும் தவறவில்லை. இருநிறத்தாரும் ஒரே மேடையில் இசைப்பதைத் தடுத்த 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்னிட்டு, தாம் பிறந்த நகரிலும் 1965 வரை அவர் இசைத்தாரல்லர்.

1971-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள் நியூயார்க்கில், தம் இல்லத்தில், அவர் உயிர் நீத்தார். தாம் பெற்ற தாலந்தை அவர் மண்ணிற் புதைக்கவில்லை. அதனைத் தந்தோரை மறக்கவுமில்லை. நன்மை செய்தார்முன் தாழ்ந்த அத்தலை, அநீதியின்முன் நிமிர்ந்தே நின்றது. கல்வியைப் பிறர் கையினின்று பெறும் நமக்கு இவ்விரண்டும் வேண்டுவனவாம்.