குன்னூர் எலிகள் ஏன் கடித்தன? குடலைத் துருவிய டாக்டர் மெக்கரிசன்

தயிர் சாப்பிட்டா மனசு தெளியுமா? புரோபயாட்டிக் குடிச்சா டிப்ரஷன் போயிடுமா? ரீல்ஸ் திறந்தாலே இந்தப் பேச்சுதான். ஆனால் கேள்வி புதுசு இல்லை. மைசூருவிலிருந்து பந்திப்பூர், ஊட்டி தாண்டினால் வரும் குன்னூரில், சுமார் நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு டாக்டர் இதன் ஓரத்தைத் தொட்டுவிட்டார். அவர் சர் ராபர்ட் மெக்கரிசன்.

யார் இவர்?

1878-ல் அயர்லாந்தின் போர்ட்டடவுனில் பிறந்தவர். 1901-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். கில்கிட், சித்ரால் பள்ளத்தாக்குகளில் கழுத்துக்கழலை அதிகம். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் அதிகம். குடிநீர் வழியாகக் குடலில் சேரும் கிருமிதான் காரணம் என்று நம்பினார். அதைச் சோதிக்க, அந்தத் தண்ணீரின் கசடைத் தானும் குடித்துப் பார்த்தார். ஆனால் முக்கியக் காரணம் அயோடின் குறைபாடு என்பது பின்னர் உறுதியானது. இன்று நாம் அயோடின் உப்பு வாங்குவது அதனால்தான்.

குன்னூரில் என்ன செய்தார்?

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். வைட்டமின் இல்லாத உணவு கொடுத்த குரங்குகளுக்கு முதலில் கெட்டுப்போனது வயிறுதான். பேதி, குடல் அழற்சி என்று வரிசையாக வந்தன. சத்து குறைந்தால் குடலின் காவல் தளர்கிறது, கிருமிகளுக்கு வழி கிடைக்கிறது என்று 1921-ல் வெளியான தன் நூலில் விளக்கினார்.

பிறகு எலிகள். இந்தியாவின் பல பகுதி உணவுகளை ஒப்பிட்டதில் சீக்கியர் உணவு முதலிடம். தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் உணவு கடைசி வரிசை! இன்னொரு சோதனையில் ஒரு கூட்டத்துக்கு ஏழை ஆங்கிலேயரின் சாப்பாடு: வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், சர்க்கரை போட்ட டீ. அந்த எலிகள் மெலிந்தன, வயிற்று நோயும் நுரையீரல் நோயும் பிடித்தன. அதோடு பதற்றமாகி, பராமரிப்பவர்களையே கடித்தன. சுமார் 60 நாளில் பலவீனமான எலிகளைக் கொன்று தின்னவும் ஆரம்பித்தன.

இன்றைய அறிவியல் என்ன சொல்கிறது?

அந்தக் கோபத்துக்குக் குடல் பாக்டீரியாதான் காரணமா? அதை அளக்க அவரிடம் கருவி இல்லை. 2004-ல் ஜப்பானில், குடல் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளின் உடல் மன அழுத்தத்துக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டியது. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினரின் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் கூடுதலாக இருப்பதும் தெரிந்திருக்கிறது. குடலில் பிறக்கும் அழற்சி ரசாயனங்களும் வேகஸ் நரம்பும் மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. ஆனால் எது காரணம், எது விளைவு என்பது மனிதர்களில் இன்னும் முடிவாகவில்லை. மனநோய் வந்தால் பசியும் சாப்பாடும் மாறும். குடல் பாக்டீரியாவும் மாறும்.

நமக்கு என்ன பாடம்?

கழலைக்குக் குடல் கிருமியைப் பிடித்துக்கொண்ட மெக்கரிசனின் கதையே எச்சரிக்கை: தொடர்பு தெரிந்ததும் காரணம் கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மோர், பழைய சோறு, கீரை, பயறு எல்லாம் நல்லதுதான். அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களே நிறுத்திடாதீங்க.

1935-ல் ஓய்வு பெற்ற மெக்கரிசன் 1960-ல் இறந்தார். அவருடைய ஒற்றை அறைதான் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.