அரசு துறந்து ஈடு பெற்ற திருவாய்மொழிப்பிள்ளை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம்மாழ்வார் அருளிச்செய்த திருவாய்மொழிக்கு நம் பூர்வாசார்யர்கள் ஐந்து வ்யாக்யானங்களை அருளியுள்ளனர். 6,000 படி, 9,000 படி, 12,000 படி, 24,000 படி, 36,000 படி என்று அவற்றின் அளவைக்கொண்டே அவை வழங்கப்படுகின்றன. இவற்றுள் ஈடு என்னும் 36,000 படி, நம்பிள்ளை திருவரங்கத்தில் அருளிச்செய்த காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியது. உலகின் எந்த மூலையில் இருந்தாலும் இன்று நாம் அதைப் படிக்கலாம், கேட்கலாம். அப்படிக் கிடைப்பதாலேயே, அது ஒரு காலத்தில் அறுந்துபோகும் நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. அந்த இழையைத் தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்துக் காத்தவர்களுள் ஒருவர் திருமலையாழ்வார் என்னும் திருவாய்மொழிப்பிள்ளை. அவருடைய வைபவத்தை இங்கு அநுபவிப்போம்.

ஈடு முதலில் எல்லோர் கைக்கும் எட்டும்படி வெளிவரவில்லை. நம்பிள்ளை அவ்வேடுகளைத் தாமே வாங்கி வைத்திருந்து, பின்னர் ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் அளித்தார். அவரிடமிருந்து அவர் குமாரர் ஈயுண்ணி பத்மநாபப் பெருமாளுக்கும், அவரிடமிருந்து நாலூர்ப்பிள்ளைக்கும், அவரிடமிருந்து அவர் குமாரர் நாலூராச்சான்பிள்ளைக்கும் அது ஒருவர் வழியாக ஒருவருக்கு வந்து சேர்ந்தது. இவ்வாறு ஒற்றை வழியாக வரும் செல்வத்துக்கு ஓர் அபாயம் உண்டு. ஒருவர் பெறத் தவறினால் வழி அடைபட்டுவிடும். காலமோ அமைதியாக இல்லை.

1323-ஆம் ஆண்டு தில்லி சுல்தானியப் படை திருவரங்கத்தைச் சூறையாடியது. முதுமையின் எல்லையில் இருந்த பிள்ளைலோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியில் கள்வர்கள் பறித்தபோது, பெருமாளுடைய ஆபரணங்களோடு தம்மிடம் இருந்ததையும் கொடுத்துவிட்டு, எம்பெருமான் திருமேனிக்குத் தீங்கு நேராதபடி காத்தார். மதுரைக்கு அருகே ஆனைமலைச் சாரலில் உள்ள ஜ்யோதிஷ்குடியில் அவருடைய திருமேனி தளர்ந்தது. இன்று கொடிக்குளம் என்று வழங்கும் அவ்வூரிலேயே அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

அந்த இறுதி நாட்களில் அவர் தமக்காக எதையும் விரும்பவில்லை. ஸம்ப்ரதாயத்தை இனி நடத்தப்போகிறவர் யார் என்ற ஒன்றே அவர் திருவுள்ளத்தில் ஓடிற்று. தம்மிடம் இளமையிலேயே பஞ்சஸம்ஸ்காரம் பெற்ற திருமலையாழ்வாரை அவர் நினைத்தார். கூரகுலோத்தமதாசர், திருக்கண்ணங்குடிப்பிள்ளை, திருப்புட்குழி ஜீயர், நாலூர்ப்பிள்ளை, விளாஞ்சோலைப்பிள்ளை ஆகியோர் மூலமாகத் திருமலையாழ்வாருக்கு ஸம்ப்ரதாய அர்த்தங்கள் சென்று சேரவேண்டும் என்பது அவருடைய நியமனம். அவரை மீட்டுக் கொண்டுவரும் பொறுப்பைக் கூரகுலோத்தமதாசர் தலைமேல் ஏற்றார்.

மீட்பதற்கு அவர் எங்கே தொலைந்திருந்தார்? வைகாசி விசாகத்தில், ஆழ்வார் திருநக்ஷத்ரத்திலேயே, மதுரைக்கு அருகிலுள்ள குந்தீநகரத்தில் அவதரித்தவர் அவர். தமிழில் பெரும் புலமை பெற்றார். அந்தப் புலமையும் மதிநுட்பமும் அவரை மதுரை அரசவைக்குக் கொண்டுசென்றன. அரசு காரியங்கள் அவரை நம்பியே நடந்தன. பல்லக்கும் யானையும் சேவகரும் சூழ அவர் வாழ்ந்தார். தீய வழியில் சென்றவர் அல்லர் அவர். நாட்டுக்குப் பயன்பட வாழ்ந்தவரே. ஆயினும் இளமையில் பெற்ற ஆசார்ய ஸம்பந்தம், அரச காரியங்களின் இரைச்சலுக்கு அடியில் புதையுண்டு கிடந்தது.

ஒருநாள் அவர் பல்லக்கில் வரும் வழியில், கூரகுலோத்தமதாசர் நம்மாழ்வாரின் திருவிருத்தத்தை அநுஸந்தித்துக்கொண்டு எதிரே வந்தார். தமிழ் அறிந்தவராதலால் திருமலையாழ்வார் அதில் ஈடுபட்டு, அப்பாசுரத்துக்குப் பொருள் சொல்லும்படி கேட்டார். பல்லக்கில் இருந்தபடியே கேட்கத்தக்க பொருளா அது? தாசர் பொருள் சொல்லவில்லை. உமிழ்ந்து தம் மறுப்பைக் காட்டினார் என்று வரலாறு சொல்கிறது. உடன் வந்த சேவகர்கள் கொதித்தெழுந்தனர். திருமலையாழ்வார் அவர்களைத் தடுத்தார். கையில் அதிகாரம் உள்ளவர், நடுத்தெருவில் பலர் காண அவமதிக்கப்பட்டும் சினம் கொள்ளவில்லை. பிள்ளைலோகாசார்யருடைய கடாக்ஷம் அவரை விட்டு அகலவில்லை என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டுமோ?

வீடு திரும்பியவர் நடந்ததைத் தம்மை வளர்த்த தாயாரிடம் தெரிவித்தார். அந்த அம்மையாரோ ஆசார்ய வைபவம் அறிந்தவர். அவருக்கு வாய்த்திருந்த பெரும்பேறு எது, அதை அவர் எங்கே விட்டுவிட்டார் என்பதை எடுத்துரைத்தார். திருமலையாழ்வாரின் நெஞ்சு கலங்கியது. மீண்டும் தாசரைத் தேடத் தொடங்கினார். யானைமேல் வந்தவர் ஒருநாள் அவரைக் கண்ட அளவிலே இறங்கி, அந்த எளிய அடியவரின் திருவடிகளில் விழுந்தார்.

அன்றே அவர் எல்லாவற்றையும் துறந்துவிட்டார் என்று நாம் எண்ணலாகாது. நாள்தோறும் காலையில் திருமண்காப்பு சாத்திக்கொள்ளும் வேளையில் தாசர் வந்து அர்த்தங்களை உபதேசிப்பார் என்று ஏற்பாடாயிற்று. தாசரும் அதற்கு இசைந்து, அரசு அலுவலுக்கு நடுவே கிடைத்த அந்தச் சிறுபொழுதுக்காக நடந்தார். ஆசார்யன் சிஷ்யனுடைய வாசலில் காத்திருப்பது முறையா என்று அவர் பார்க்கவில்லை. பிள்ளைலோகாசார்யருடைய நியமனம் நிறைவேறுவது ஒன்றையே பார்த்தார். ஆனால் அரச காரியம் ஒன்றின் அழுத்தத்தால் திருமலையாழ்வார் இந்த நியமத்தில் தவறியபோது, தாசர் விலகி நின்றார். தவற்றை உணர்ந்த திருமலையாழ்வார் தாமே அவர் இருப்பிடம் சென்று பிழைபொறுக்க வேண்டினார். அங்கே தாசர் அமுதுசெய்த சேஷ ப்ரஸாதத்தை ஸ்வீகரித்தார். அதன்பின் அவருக்கு வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. வாய் தாசருடைய திருநாமத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. நாட்டின் பொறுப்பை அரசிளங்குமரனிடம் ஒப்படைத்துவிட்டு, அரண்மனையை விட்டு வெளியேறித் தாசரோடு சேர்ந்துவிட்டார்.

துறவு என்று நாம் பேசும்போது இந்த ஒரு செயலோடு கதையை முடித்துவிடுவது வழக்கம். அவருடைய பாடு தொடங்கியதே இதற்குப் பின்புதான். கூரகுலோத்தமதாசர் தம் அந்திமதசையில், ஸ்ரீவசனபூஷண அர்த்தங்களை விளாஞ்சோலைப்பிள்ளையிடமும் திருவாய்மொழியின் பொருளைத் திருக்கண்ணங்குடிப்பிள்ளையிடமும் கேட்கும்படி நியமித்துத் திருநாட்டுக்கு எழுந்தருளினார். திருக்கண்ணங்குடிப்பிள்ளை திருவாய்மொழியின் திரண்ட கருத்தை அருளிச்செய்தார். திருமலையாழ்வாருக்கோ ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பொருள் அறியவேண்டும் என்ற அவா. அவர் அதற்காகத் திருப்புட்குழி ஜீயரிடம் அனுப்பிவைத்தார். நெடுந்தூரம் கடந்து காஞ்சிபுரத்தை அடைந்தபோது காதில் விழுந்தது, ஜீயர் சில நாட்களுக்கு முன்புதான் பரமபதித்தார் என்ற செய்தி.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். பதவியை விட்டாயிற்று, உபதேசித்த ஆசார்யனும் இல்லை, தேடிவந்தவரும் இல்லை. திரும்பிச் சென்றால் ஏற்றுக்கொள்ள அரண்மனை இருந்தது. அவர் திரும்பவில்லை. தேவப்பெருமாள் ஸந்நிதிக்குச் சென்று தம் துயரை விண்ணப்பித்தார். பேரருளாளன் அந்த ஸந்நிதியிலேயே நாலூர்ப்பிள்ளையை அவருக்குக் காட்டிக்கொடுத்து, திருவாய்மொழியின் பொருளை அவருக்கு உரைக்கும்படி நியமித்தருளினான். தம் முதுமையால் அது இயலாது என்று நாலூர்ப்பிள்ளை விண்ணப்பிக்க, அவர் குமாரர் நாலூராச்சான்பிள்ளை உபதேசிக்கலாம் என்று எம்பெருமான் திருவுள்ளமாயிற்று.

நாலூராச்சான்பிள்ளை ஈட்டை உபதேசிக்கிறார் என்ற செய்தி திருநாராயணபுரத்துக்கு எட்டியது. அங்கு எழுந்தருளியிருந்த ஆய் முதலான பெரியோர்கள், தாங்களும் கேட்கும்படி அங்கே வந்து அருளவேண்டும் என்று ப்ரார்த்தித்தனர். அவ்வாறே திருநாராயணபுரத்தில் ஈடு காலக்ஷேபம் முழுமையாக நடந்தேறியது. ஒற்றை வழியாக வந்த ஈடு இங்கே மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. திருநாராயணபுரத்து ஆய், இளம்பிளிசைப்பிள்ளை, திருமலையாழ்வார் என்பவர் அம்மூவர். திருமலையாழ்வாருடைய ஈடுபாட்டைக் கண்டு உகந்த நாலூராச்சான்பிள்ளை, தம் திருவாராதனப் பெருமாளான இனவாயர் தலைவனை அவருக்கு அளித்தார். திருவாய்மொழியையே உயிராகக் கொண்டமையால் திருவாய்மொழிப்பிள்ளை என்ற திருநாமம் அவருக்கு நிலைத்தது.

பொருள் கிடைத்தது, பாடியருளியவரோ தம் திருநகரியில் இல்லை. படையெடுப்பின் அச்சத்தால் நம்மாழ்வாரைப் பரிஜனங்கள் மலைநாட்டுப் பக்கம் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு போயிருந்தனர். வழியில் நேர்ந்த இடரால் ஆழ்வாரை ஒரு பேழையில் வைத்து மலைப்பள்ளத்தில் மறைத்துவைக்க வேண்டியதாயிற்று. திருமலையாழ்வார் மதுரையில் அதிகாரத்தில் இருந்தபோதே, தோழப்பர் என்னும் பெரியவர் அவரிடம் வந்து உதவி பெற்று, ஆட்களோடு அப்பள்ளத்தை அடைந்தார். சங்கிலி கட்டிப் பலகையை இறக்கி ஆழ்வாரை மேலே எழுந்தருளப்பண்ணினர். ஆழ்வார் கரையேறினார், தோழப்பர் பள்ளத்தில் வீழ்ந்து உயிர் நீத்தார். அதன்பின் ஆழ்வார் திருக்கணாம்பியில் பல காலம் எழுந்தருளியிருந்தார்.

திருவாய்மொழிப்பிள்ளை ஆழ்வார்திருநகரிக்கு வந்தபோது அது காடாகக் கிடந்தது. மரங்களும் புதர்களும் மண்டி, வீதி எது, திருமதிள் எது என்று தெரியாத நிலை. அவர் காட்டை வெட்டித் திருத்தினார். அதனால் காடுவெட்டிகுரு என்ற பெயரும் அவருக்கு வந்தது. கோயிலைச் சீர்ப்படுத்தி, திருக்கணாம்பியிலிருந்து ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளப்பண்ணினார். பவிஷ்யதாசார்யராகிய எம்பெருமானார் திருமேனியைக் கண்டெடுத்து, அவருக்குத் தனிக்கோயில் அமைத்து, அதைச் சுற்றி வீதிகளை வகுத்துக் குடிகளை ஏற்றினார். ராமாநுஜ சதுர்வேதிமங்கலம் என்பது அதன் பெயர். நாடாண்ட காலத்தில் கற்ற நிர்வாகத் திறன் முழுவதையும் இங்கே அவர் கைங்கர்யமாக்கினார் என்று தோன்றுகிறது. அதிகாரத்தைத் துறந்தவர் ஆற்றலைத் துறக்கவில்லை. அது தம்முடையது என்ற எண்ணத்தையே துறந்தார்.

விளாஞ்சோலைப்பிள்ளையிடம் அர்த்தம் கேட்கவேண்டும் என்ற நியமனத்தையும் அவர் மறக்கவில்லை. ஈழவர் குலத்தில் அவதரித்த அப்பெரியவர், அக்கால வழக்கப்படி கோயிலுக்குள் செல்ல இயலாமல், விளாமரத்தின்மேல் ஏறித் திருவனந்தபுரத்துக் கோபுரத்தை ஸேவித்து வந்தவர். அவரைத் தேடிச்சென்று, சிஷ்யனாக அமர்ந்து, ஸ்ரீவசனபூஷணத்தின் உட்பொருளைத் திருவாய்மொழிப்பிள்ளை கேட்டறிந்தார். பின்னர் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது, சிஷ்யன் ஆசார்யனுக்குச் செய்யும் சரமகைங்கர்யங்கள் யாவற்றையும் குறைவறச் செய்து முடித்தார். மாறனேரி நம்பிக்குப் பெரியநம்பிகள் செய்ததை நாம் அறிவோம். அதே வழியில் இவரும் நடந்தார். அடியார்க்குள் குலம் பாராமையைக் கற்பிக்கும் ஒரு நூலின் பொருளைக் கேட்டவர், கேட்டபடியே வாழ்ந்தும் காட்டினார்.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததை யாரிடம் கொடுப்பது என்ற கவலை அவருக்கும் வந்தது. ஜ்யோதிஷ்குடியில் பிள்ளைலோகாசார்யருக்கு இருந்த அதே கவலை. 1370-ஆம் ஆண்டு ஐப்பசி மூலத்தில் அவதரித்த அழகியமணவாளன் என்பவர் அவர் திருவடிகளை வந்து அடைந்தார். அவரைப் பவிஷ்யதாசார்யர் கைங்கர்யத்தில் ஈடுபடுத்தி, அருளிச்செயல்களையும் ஈட்டையும் முழுமையாக உபதேசித்தார். எம்பெருமானார்மேல் அவர் யதிராஜவிம்சதி பாடியது கண்டு மகிழ்ந்து, யதீந்த்ரப்ரவணர் என்று பெயரிட்டார். இறுதிக் காலத்தில் ஸம்ப்ரதாயத்தை யார் காப்பார் என்று திருவாய்மொழிப்பிள்ளை கலங்க, அப்பொறுப்பை அவரே முன்வந்து ஏற்றார். ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை கேட்டு, வாழ்நாள் முழுவதும் அருளிச்செயலிலேயே ஊன்றித் திருவரங்கத்தில் பெரியபெருமாளை மங்களாசாஸனம் செய்துகொண்டு இருக்கவேண்டும் என்று நியமித்துவிட்டு, பிள்ளை ஆழ்வார் திருவடிகளை அடைந்தார்.

1371-ஆம் ஆண்டு நம்பெருமாள் திருவரங்கத்துக்கு மீண்டும் எழுந்தருளியிருந்தார். அந்தத் திருவரங்கத்தில்தான், ஆசார்யன் நியமித்தபடியே வாழ்ந்த அழகியமணவாளன், மணவாளமாமுனிகளாக நம்பெருமாள் முன்னிலையில் ஈடு முழுவதையும் ஓராண்டு காலக்ஷேபமாக அருளிச்செய்தார். அதன் சாற்றுமுறையன்று பெரியபெருமாளே சிறுபிள்ளையாக வந்து ஸ்ரீசைலேச தனியனை ஸமர்ப்பித்தார் என்று அநுபவிக்கிறோம். அந்தத் தனியன் மாமுனிகளைப் பற்றியது. ஆனால் அது தொடங்கும் திருநாமமோ ஸ்ரீசைலேசர் என்னும் திருமலையாழ்வாருடையது. அரண்மனையில் இருந்திருந்தால் ஓர் அமைச்சர் என்ற அளவில் மறைந்திருக்கும் பெயர் அது. அப்பெயரை எம்பெருமான் தன் ஆசார்ய வந்தனத்தின் தொடக்கமாக்கிக்கொண்டான்.

நம்மில் பலர் அலுவலுக்கும் குடும்பத்துக்கும் நடுவே, நாளின் ஒரு மூலையில் சிறிது நேரம் ஒதுக்கி அருளிச்செயல் கேட்பவர்கள். திருமலையாழ்வாரும் அப்படித்தான், திருமண்காப்பு சாத்தும் வேளையில் தொடங்கினார். அவரைப்போல் எல்லாவற்றையும் விட்டுவருவது நமக்கு இயலாமல் இருக்கலாம். ஒதுக்கிய அந்தச் சிறுபொழுதைத் தவறவிடாமல் காப்பதும், தவறினால் நாமே தேடிச் செல்வதும், பெற்றதை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போவதும் நம்மால் இயலும். இனி ஈட்டின் ஏட்டைத் திறக்கும்போது, தோழப்பர் வீழ்ந்த பள்ளத்தையும், தாசர் காத்திருந்த வாசலையும், காஞ்சியில் கலங்கி நின்ற திருவாய்மொழிப்பிள்ளையையும் ஒருகணம் நினைத்துக்கொண்டு தொடங்குவோமாக.

திருவாய்மொழிப்பிள்ளை திருவடிகளே சரணம்