கூடி எழுந்த குரல்

அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், கறுப்பின மக்களுக்குக் கல்வியும் வாக்குரிமையும் நெடுங்காலம் எட்டாக்கனிகளாகவே இருந்தன. நிறத்தாலும் பெண்ணாய்ப் பிறந்ததாலும் இருமடங்கு ஒதுக்கப்பட்ட கறுப்பின மகளிரை ஓரணியில் திரட்டியவர் மேரி மெக்லியோட் பெத்யூன்.

இவர் தென் கரோலினா மாநிலத்தின் மேய்ஸ்வில் என்னும் சிற்றூருக்கு அருகில், 1875ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். பதினேழு பிள்ளைகளுள் பதினைந்தாமவரான மேரி, இளமையிலேயே பருத்தி வயலில் உழைத்தார். ஒருநாள் வெள்ளையர் வீடொன்றில் நூல் ஒன்றைக் கையில் எடுத்தபோது, படிக்கத் தெரியாதவர் அதைத் தொடலாகாது என்று அவ்வீட்டுச் சிறுமி தடுத்தாள். அச்சொல் அவர் நெஞ்சில் தைத்தது. பின்னர்ப் பள்ளியில் சேர்ந்து, நாள்தோறும் பல மைல் நடந்து சென்று படித்தார்; கற்றதை வீட்டாருக்கும் கற்பித்தார்.

1904ஆம் ஆண்டு புளோரிடாவின் டேட்டோனாவில் பெண்களுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவர் கையிலிருந்த பணம் ஒன்றரை டாலர். வந்து சேர்ந்த மாணவியர் ஐவர். மரப்பெட்டிகள் இருக்கைகளாயின, கரித்துண்டு எழுதுகோலாயிற்று, பழச்சாறு மையாயிற்று. கிழங்குப் பணியாரம் விற்றுப் பள்ளியை வளர்த்தார். அதுவே இன்று பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

1920ஆம் ஆண்டு பெண்கள் வாக்குரிமை பெற்றதும், கறுப்பினப் பெண்களை வாக்காளராகப் பதியச் செய்தார். கு கிளக்ஸ் கிளான் என்னும் நிறவெறிக் கூட்டம் தேர்தலுக்கு முன் பள்ளிக்கு ஊர்வலமாக வந்து அச்சுறுத்தியது. அவர் அஞ்சவில்லை, மகளிரும் திரண்டு சென்று வாக்களித்தனர்.

நாடெங்கும் கறுப்பின மகளிர் சங்கங்கள் பல இருந்தன. அவை சிதறிக் கிடந்ததால் அரசின் செவிக்கு அவற்றின் குரல் எட்டவில்லை. எனவே, 1935ஆம் ஆண்டு நியூயார்க்கில் அவற்றை இணைத்துத் தேசிய நீக்ரோ மகளிர் பேரவையை நிறுவினார். கறுப்பின மக்களைக் குறிக்க அக்காலத்தில் வழங்கிய சொல்லே அப்பெயரில் இடம்பெற்றது.

அடுத்த ஆண்டு, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் அரசில் கறுப்பின இளைஞர் நலப் பொறுப்பை ஏற்றார். தலைவரின் துணைவியார் எலினோர் அவருக்கு நெருங்கிய தோழியாக இருந்தார். தனக்குத் திறந்த கதவு தன் இனத்துப் பெண்கள் அனைவருக்கும் திறக்கவேண்டும் என்பதே மேரியின் விருப்பம். 1938ஆம் ஆண்டு வெள்ளை மாளிகையில் பேரவையின் மாநாட்டைக் கூட்டி, அரசுப் பணிகளில் தம் மகளிருக்கு இடம் கேட்டார். 1942ஆம் ஆண்டு மகளிர் துணைப்படை அமைந்தபோது, முதல் அதிகாரிப் பயிற்சிக்குத் தெரிவான 440 பேருள் 40 பேர் கறுப்பினப் பெண்கள். அவர்களைத் தெரிவு செய்வதில் மேரி துணைநின்றார்.

1955ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் மறைந்தார். பேரவை ஓயவில்லை, டோரதி ஹைட் தலைமையில் குடியுரிமைப் போராட்டங்களில் பங்கேற்றது. 1974ஆம் ஆண்டு வாஷிங்டனின் லிங்கன் பூங்காவில் மேரிக்குச் சிலை எழுப்பியதும் பேரவையே. முதிய மேரி, தம்மிடம் உள்ளதை இரு குழந்தைகளின் கையில் ஒப்படைப்பதாக அச்சிலை அமைந்துள்ளது. நூலைத் தொடக்கூடாதெனத் தடுக்கப்பட்ட கை, இன்றும் அங்கே வழங்கியபடியே நீண்டிருக்கிறது.