விளையாட்டு ஆசிரியர்களின் ஆசான் ஹாரி பக்

வைட்ஃபீல்ட் வட்டாரத்துப் பள்ளிகளில் காலை வேளையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விசில் ஊதுகிறவரைப் பி.டி. மாஸ்டர் என்று அழைக்கிறார்கள். அவர் செய்யும் பணிக்கும் ஒரு படிப்பு உண்டு, பட்டம் உண்டு. நம் நாட்டில் அந்தப் படிப்புக்கு அஸ்திவாரம் போட்டவர் அமெரிக்கரான ஹாரி குரோ பக். சென்னையைத் தம் ஊராக்கிக்கொண்டு அங்கேயே உழைத்து மறைந்தவர் அவர்.

பக் பிறந்தது 1884-ல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்னும் சிற்றூரில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1882-ல், மைசூர் மகாராஜா வழங்கிய நிலத்தில் ஆங்கிலோ இந்தியர் குடியிருப்பாக வைட்ஃபீல்ட் உருவாகத் தொடங்கியிருந்தது.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயிற்சி

இளைஞர் பக், ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்தார். கூடைப்பந்து பிறந்ததே அந்தக் கல்லூரியில்தான். 1891 டிசம்பரில், பனிக்காலத்தில் மாணவர்கள் கூடத்துக்குள் ஆடுவதற்காக ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளைச் சுவரோரம் மாட்டி, 13 விதிகள் எழுதி, ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பதும் கல்விப்பணியே என்பது அந்தக் கல்லூரியின் கொள்கை. பக் அதை அப்படியே நெஞ்சில் ஏற்றார்.

1919-ல் மனைவி மேரியுடன் பக் சென்னை வந்தார். அக்காலத்தில் பள்ளிகளில் தேகப்பயிற்சி என்றால் டிரில் மட்டும்தான். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் வந்து அதட்டுவார். பிள்ளைகள் கை காலை நீட்டி மடக்குவார்கள். டிரில் மாஸ்டருக்கு மற்ற ஆசிரியர்களுக்குச் சமமான மதிப்பு இல்லை. விளையாடினால் படிப்பு கெடும் என்று பெற்றோரும் நினைத்தார்கள்.

1920-ல் தொடக்கம்

இந்த நிலை மாற வேண்டுமானால் முதலில் ஆசிரியர் மாற வேண்டும் என்று பக் கருதினார். 1920-ல் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளியைச் சிறு அளவில் தொடங்கினார். ஆசியாவிலேயே இத்தகைய கல்வி நிலையங்களில் முன்னோடி இதுவே. உடல் அமைப்பு, சுகாதாரம், பயிற்சி முறை ஆகியவற்றைப் பாடமாகப் படித்து, கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து, ஓட்டம், தாண்டுதல் ஆகியவற்றை மைதானத்தில் ஆடிப் பழக வேண்டும். புத்தகமும் வியர்வையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை.

1924 பிப்ரவரியில் டில்லியில் நடந்த போட்டிகளில் இருந்து எட்டு தடகள வீரர்கள் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தேர்வானார்கள். தடை ஓட்ட வீரர் சி.கே. லட்சுமணனும், நீளம் தாண்டும் தலீப் சிங்கும் அவர்களில் அடங்குவர். குழுவின் மேலாளராகச் சென்றவர் பக். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. திறமை இருந்தும் முறையான பயிற்சி இல்லாவிட்டால் உலக அரங்கில் நிற்க முடியாது என்பதற்கு அந்தப் பயணமே சாட்சியாயிற்று. பக் மனம் தளரவில்லை. மேலும் பல பயிற்சியாளர்களை உருவாக்குவதே அதற்கு மருந்து என்று தம் பள்ளிக்கே திரும்பினார். 1927-ல் டோராப்ஜி டாட்டா தலைமையில் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. அதற்கான அடித்தளப் பணியில் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த நோரெனுக்கும் பக்குக்கும் பங்கு உண்டு.

அடையாற்றங்கரையில்

1930-களின் தொடக்கத்தில் கல்லூரி சைதாப்பேட்டையில், அடையாற்றின் கரையில் விரிந்த நிலத்துக்கு இடம் மாறியது. இந்தியாவின் பல மாகாணங்களில் இருந்தும் இலங்கை, பர்மாவில் இருந்தும் மாணவர்கள் வந்தனர். ஆட்ட விதிகளைத் தொகுத்து பக் வெளியிட்ட நூல் ஊர் ஊராகப் போட்டி நடத்துவோர்க்குக் கைவிளக்காயிற்று. நடுவர் ஒருவிதமாகவும் ஆடுவோர் வேறுவிதமாகவும் விதியைச் சொல்லிச் சண்டையிடும் வழக்கம் குறைய அது உதவியது.

வந்தது முதல் 24 ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்த பக் 1943-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. நாடு சுதந்திரம் பெற்றதையோ, 1951-ல் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி டில்லியில் நடந்ததையோ அவர் பார்க்கவில்லை. ஆனால் அவர் கையில் பயின்றவர்கள் அதற்குள் எத்தனையோ பள்ளி மைதானங்களில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு வகுப்புதான். கணக்கு ஆசிரியர் கேட்டால் பி.டி. மாஸ்டர் மறுபேச்சின்றி விட்டுக்கொடுத்துவிடுகிறார். கட்டடங்கள் பெருகிய வைட்ஃபீல்டில் பிள்ளைகள் ஓட மைதானமும் குறைந்து வருகிறது. அந்த ஒரு மணி நேரமும் கல்வியே என்று நிலைநாட்டத்தான் கடல் கடந்து வந்த ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அதைப் பிள்ளைகளுக்கு விட்டுவைப்பதே ஹாரி பக்கிற்குச் செய்யும் நன்றி.