வீடு வீடாகக் கதவைத் தட்டிய டாக்டர்



நம் குடியிருப்பில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அந்தச் செய்தி அந்த பிளாட்டின் கதவைத் தாண்டி வெளியே வருவதில்லை. மேல் மாடியில் இன்னொருவர் அதே வாரம் அதே தொல்லையோடு படுத்திருந்தாலும் நமக்குத் தெரியாது. ஆளுக்கொரு டாக்டரைப் பார்க்கிறோம். கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, வெயில் அதிகம், எண்ணெய் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் எல்லா வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் ஏறுவது ஒரே சம்ப்பிலிருந்துதான்.

இப்படித் தனித்தனி வீடுகளுக்குள் கிடந்த துக்கங்களை ஒரே கணக்கில் எழுதிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ. காலரா தண்ணீர் மூலம் பரவுகிறது என்று காட்டியவர் என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரி படித்திருப்பீர்கள். வங்கியில் லெட்ஜரோடு காலம் கழித்த எனக்கு, அவர் அதைக் கண்டுபிடித்த விதம்தான் இன்னும் பெரிதாகப் படுகிறது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஏழை வீட்டுப் பிள்ளை

ஸ்னோ 1813 மார்ச் 15 அன்று இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தார். அப்பா கூலித் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். 14 வயதில் நியூகாஸில் நகரில் ஒரு டாக்டரிடம் தொழில் பழக அனுப்பினார்கள். அங்கே இருந்தபோது, 1831-32இல் காலரா வந்தது. கில்லிங்வொர்த் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைக் கவனிக்கும் பொறுப்பு, 20 வயதுகூட நிரம்பாத இந்தப் பையனிடம் வந்து சேர்ந்தது.

சுரங்கத்துக்குள் கழிப்பறை கிடையாது. கை கழுவத் தண்ணீர் கிடையாது. இருட்டில் அதே கையால் கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். இது அவர் மனதில் தங்கிவிட்டது. பல வருடங்கள் கழித்து காலராவைப் பற்றி எழுதியபோது சுரங்கத்தையும் எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

1836இல் லண்டனுக்குப் போனார், அதுவும் நடந்தே. அங்கே படித்து 1838இல் சர்ஜன் ஆனார். 1844இல் எம்.டி. பட்டம் பெற்றார். இளமையில் பல வருடங்கள் மாமிசம் தொடவில்லை. மதுவிலக்கை ஆதரித்தவர். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அவர் காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது மயக்க மருந்து. ஈதர், குளோரோஃபார்ம் இரண்டையும் எந்த அளவில் கொடுத்தால் ஆபத்தில்லை என்று அளந்து பார்த்து முறைப்படுத்தினார். 1853இல் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவர் இவர்தான். 1857இலும் அவரையே கூப்பிட்டார்கள். இவ்வளவு பெரிய இடத்து டாக்டர், அதே வருடங்களில் ஏழைகள் குடியிருந்த தெருக்களில் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கெட்ட காற்றா, கெட்ட தண்ணீரா?

சாக்கடை நாற்றம், அழுகிய குப்பை ஆகியவற்றிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று அன்றைய படித்தவர்கள் நம்பினார்கள். அரசாங்கச் சுகாதார வாரியமும் அப்படித்தான் நம்பியது. கிருமி என்ற கருத்து அப்போது பெரிதாக எடுபடவில்லை.

ஸ்னோவுக்கு இதில் சந்தேகம். வாயுக்கள் உடம்பில் எப்படி வேலை செய்யும் என்பது மயக்க மருந்து கொடுத்துப் பழகிய அவருக்கு நன்றாகவே தெரியும். காற்றில் வரும் விஷம் தூரம் போகப் போக நீர்த்துப்போகும். மேலும், காற்றால் வரும் நோய் நுரையீரலில் அல்லவா தொடங்க வேண்டும்? காலரா குடலில் தொடங்குகிறது. அப்படியானால் அது வாய் வழியாக விழுங்கப்பட்ட ஏதோ ஒன்று. நோயாளியின் கழிவு எப்படியோ மற்றவர் குடிக்கும் தண்ணீரில் கலக்கிறது. 1849இல் இதைச் சொல்லி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆதாரம் போதாது என்று மற்ற டாக்டர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

இரண்டு கம்பெனிகள், ஒரே தெரு

அவர் தேடிய ஆதாரம் 1854இல் தெற்கு லண்டனில் கிடைத்தது. அங்கே இரண்டு தனியார் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு தண்ணீர் விற்றன. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி குழாய், பக்கத்து வீட்டுக்கு லாம்பெத் கம்பெனி குழாய். லாம்பெத் கம்பெனி 1852இலேயே தேம்ஸ் நதியில் நகரத்துக்கு மேலே, சாக்கடை கலக்காத இடத்துக்குத் தன் நீரேற்று நிலையை மாற்றிக்கொண்டது. மற்ற கம்பெனி, நகரத்துக் கழிவு கலக்கும் பாட்டர்சீயிலேயே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது.

காற்று ஒன்று, தெரு ஒன்று, ஏழை பணக்காரர் எல்லோரும் கலந்துதான் இருக்கிறார்கள். வித்தியாசம் தண்ணீர் மட்டும்தான். இதைவிட நல்ல தணிக்கை வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

ஆனால் ஒரு சிக்கல். பல வீடுகளில் எந்தக் கம்பெனித் தண்ணீர் என்றே தெரியவில்லை. பில் கட்டுவது வீட்டுச் சொந்தக்காரர், குடியிருப்பது வாடகைக்காரர். (இது நமக்கும் புதிதில்லை.) ஸ்னோ அதற்கும் வழி கண்டுபிடித்தார். பாட்டர்சீ தண்ணீரில் உப்பு மிக அதிகம். வெள்ளி நைட்ரேட் கரைசல் விட்டால் அது வெள்ளையாகத் திரிந்துவிடும். வீட்டுக்கு வீடு சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து வந்து சோதித்தார்.

இறந்தவர்களின் விலாசங்களைப் பதிவுத் துறையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு மரணத்தையும் அந்தந்தக் கம்பெனியின் பக்கத்தில் வரவு வைத்தார். ஏழு வார முடிவில் கணக்கு இப்படி நின்றது. சவுத்வார்க் கம்பெனிக்கு 40,046 வீடுகள், 1,263 மரணங்கள். லாம்பெத் கம்பெனிக்கு 26,107 வீடுகள், 98 மரணங்கள். பத்தாயிரம் வீட்டுக்கு என்று பார்த்தால் ஒன்றில் 315, மற்றதில் 37.

பிராட் ஸ்ட்ரீட் குழாய்

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, ஸ்னோவின் வீட்டுக்கு அருகில் இருந்த சோஹோ பகுதியில் 1854 ஆகஸ்ட் 31 இரவு காலரா வெடித்தது. பிராட் ஸ்ட்ரீட்டைச் சுற்றி 250 கஜ தூரத்துக்குள் பத்து நாளில் 500 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மொத்தம் 616 பேர்.

அந்தத் தெருவில் கிணற்றின்மேல் கைப்பிடி வைத்த அடிபம்ப் ஒன்று இருந்தது. தண்ணீர் பார்க்கத் தெளிவாக, குடிக்க ருசியாக இருக்கும் என்று பெயர். ஸ்னோ அதை எடுத்துப் பார்த்தபோது சந்தேகப்படும்படி பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எனவே மீண்டும் பதிவேட்டுக்கே போனார். முதல் மூன்று நாளில் பதிவான 83 மரணங்களின் விலாசங்களை எடுத்துக்கொண்டு கதவுகளைத் தட்டினார்.

73 பேர் அந்தப் பம்புக்கு அருகில் வசித்தவர்கள். அவர்களில் 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள். 6 பேர் குடிக்கவில்லை என்று வீட்டார் சொன்னார்கள். மீதி 6 பேரைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. சில வீடுகளில் அப்படித்தான் இருந்தது.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், டேலி ஆகும் பதிவுகளைவிட ஆகாத பதிவுகள்தான் உண்மையைச் சொல்லும். ஸ்னோவும் அவற்றைத்தான் துரத்தினார். மீதி 10 மரணங்கள் வேறு பம்புக்கு அருகில் இருந்த வீடுகளில் நடந்தவை. விசாரித்தால் ஐந்து வீட்டார் பிராட் ஸ்ட்ரீட் தண்ணீரையே ஆள் அனுப்பி வாங்கிக் குடித்தவர்கள். மூன்று பேர் அந்தப் பம்புக்கு அருகில் பள்ளிக்கூடம் போன குழந்தைகள்.

பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவைப் பெண்மணி காலராவில் இறந்தார். அவர் முன்பு பிராட் ஸ்ட்ரீட்டில் குடியிருந்தவர். அந்தத் தண்ணீரின் ருசியை விட மனமில்லாமல் தினமும் வண்டியில் பாட்டில் வரவழைத்துக் குடித்தவர். மறுபக்கம், பம்புக்கு அருகிலேயே இருந்த ஏழைகள் தொழில் விடுதியில் 535 பேர். இறந்தவர்கள் ஐந்தே பேர். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவின் மதுபான ஆலையில் வேலை செய்த எழுபது பேருக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் அந்தப் பம்பு பக்கமே போவதில்லை.

உள்ளூர்க் கமிட்டி செய்தது

செப்டம்பர் 7 மாலை, அந்த வட்டாரத்தின் உள்ளூர்ச் சபை கூடியிருந்தது. ஸ்னோ உள்ளே போய்த் தன் கணக்கை எடுத்துச் சொன்னார். அவர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மறுநாளே பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது, பெரும்பாலான ஜனம் ஊரைவிட்டு ஓடியிருந்தது என்பதை ஸ்னோவே மறைக்காமல் எழுதினார். அப்படியென்றால் கைப்பிடியைக் கழற்றியதில் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கான பதில் பல மாதம் கழித்துத்தான் வந்தது.

பதிலைக் கொண்டுவந்தவர் ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார். அந்தப் பகுதி மக்களை ஒவ்வொருவராக அறிந்தவர். ஸ்னோ சொன்னது தவறு என்று நிரூபிக்கத்தான் அவர் இறங்கினார். உள்ளூர்ச் சபை அமைத்த விசாரணைக் கமிட்டிக்காக ஒரே வீட்டுக்குப் பலமுறை போய் விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க ஸ்னோவின் கட்சிக்கே வந்து சேர்ந்தார்.

கடைசியில் பதிவேட்டில் ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. 40ஆம் எண் வீட்டில், செப்டம்பர் 2 அன்று, ஐந்து மாதக் குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்திருந்தது. அந்த வீட்டின் வாசலில்தான் பம்பு. குழந்தைக்கு உடம்பு கெட்டது பெரிய வெடிப்புக்குச் சில நாள் முன்பே. தாய் துணி அலசிய தண்ணீரை வீட்டு முன்பிருந்த கழிவுத்தொட்டியில் ஊற்றியிருக்கிறார். தோண்டிப் பார்த்தால் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி மூன்று அடிகூட இல்லை. செங்கல் சுவர் இற்றுப்போய்க் கழிவு கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் தெரியவந்தது. அந்தக் குழந்தையின் தகப்பனாருக்குக் காலரா கண்டது செப்டம்பர் 8 அன்று. கைப்பிடி கழற்றிய அதே நாள். அவரும் பிழைக்கவில்லை. பம்பு ஓடிக்கொண்டிருந்தால் அதே தொட்டி வழியாக நோய் மறுபடி கிணற்றுக்குள் போயிருக்கும். அரைமனதோடு எடுத்த அந்த முடிவு எத்தனை வீடுகளைக் காப்பாற்றியது என்று யார் கணக்கிட முடியும்?

பிறகு வந்த அங்கீகாரம்

இவ்வளவுக்குப் பிறகும் அரசாங்கச் சுகாதார வாரியம் ஸ்னோவின் முடிவை ஏற்கவில்லை. 1858 ஜூன் 10 அன்று குளோரோஃபார்ம் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் தாக்கியது. ஜூன் 16 அன்று காலமானார். வயது 45. லான்செட் என்ற பிரபல மருத்துவ இதழ் சில வரியில் இரங்கல் போட்டது. அதில் காலரா என்ற சொல்லே இல்லை. அதே இதழ் 155 வருடம் கழித்து, 2013இல், அந்தக் குறையைத் திருத்தி வெளியிட்டது.

1866இல் கிழக்கு லண்டனில் காலரா வந்தபோது தண்ணீர்க் கம்பெனிதான் காரணம் என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். 1884இல் ராபர்ட் காக் நம் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிசெய்தார். இன்று சோஹோவில் கைப்பிடி இல்லாத ஒரு பம்பு நினைவுச் சின்னமாக நிற்கிறது. பக்கத்திலேயே ஒரு மதுக்கடைக்கு ஜான் ஸ்னோ பெயர், பாவம், மதுவிலக்கை ஆதரித்த மனிதருக்கு!

நமக்கு இதில் என்ன?

நம் வீடுகளில் ஆர்.ஓ. இருக்கிறது, நமக்கு என்ன கவலை என்று தோன்றலாம். ஆனால் பல் தேய்ப்பதும், காய்கறி அலம்புவதும், பாத்திரம் கழுவுவதும் குழாய்த் தண்ணீரில்தானே? சம்ப்பும் கழிவுநீர்த் தொட்டியும் ஒரே மனையில்தான் இருக்கின்றன. தரைக்குக் கீழே சுவரில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியாது. பிராட் ஸ்ட்ரீட் தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால், அசோசியேஷன் அலுவலகத்துக்கு ஒரு வரி சொல்லுங்கள். பெயர் வேண்டாம், பிளாக்கும் தேதியும் போதும். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், வாட்ச்மேன் குடும்பம் ஆகியோரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் ஒரே பிளாக்கில் மூன்று பதிவு விழுந்தால் கமிட்டிக்கு அதுவே எச்சரிக்கை.

இரண்டாவது, மழைக்காலத்துக்கு முன் சம்ப்பைக் கழுவும்போது அதன் சுவரையும் மூடியையும் பார்க்கச் சொல்வோம். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். குழாயின் கடைசி முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

மூன்றாவது, சந்தேகம் வந்து கமிட்டி ஒருநாள் தண்ணீரை நிறுத்தினால் தயவுசெய்து கோபப்படாதீர்கள். முழு ஆதாரம் கைக்கு வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். சோஹோவின் அந்தச் சிறிய சபை, பாதி நம்பிக்கையோடுதான் கைப்பிடியைக் கழற்றியது.