கிட்டார் வாசிக்கத் தெரியாத கிட்டார்காரர்!



திருவிழாக் காலத்தில் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மேடை போட்டு இன்னிசைக் கச்சேரி நடக்கும்போது, கீபோர்டுக்குப் பக்கத்தில் நிற்பவரின் தோளில் தொங்கும் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கவனித்திருப்பீர்கள். மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு கூர், நடுவில் வெள்ளை பிளாஸ்டிக் தகடு, தலைப்பக்கம் ஒரே வரிசையில் ஆறு சாவி. எந்தக் கம்பெனி பெயர் போட்டிருந்தாலும் பெரும்பாலும் உருவம் இதுதான். 1954-ல் இந்த உருவத்தை உலகத்துக்குக் கொடுத்தவர் லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர். வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இன்ஜினியரிங் டிகிரியும் கிடையாது. படித்ததோ அக்கவுண்டன்சி!

1909 ஆகஸ்ட் 10-ம் தேதி, கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் கட்டி வந்து இடது கண் போய்விட்டது. கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். பதின்மூன்று வயதில் அவருடைய மாமா ஒருவர், கார் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தவர், பழைய பேட்டரியும் ரேடியோ பாகங்களும் போட்டு ஒரு பெட்டி அனுப்பி வைத்தார். அந்தப் பெட்டிதான் பையனைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் காலேஜில் கணக்குப் படித்தார், கணக்கர் வேலைக்கும் போனார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அரசு நெடுஞ்சாலைத் துறையில் பார்த்த வேலை போனது. பிறகு டயர் கம்பெனி ஒன்றில் கிடைத்த வேலையும் நிலைக்கவில்லை. கல்யாணமாகி இருந்த நேரம். 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். மனைவி எஸ்தர் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தார். பல வருஷம் அவர் சம்பளம்தான் வீட்டுக்குக் கைகொடுத்தது.

நம்ம ஊர் மைக் செட் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். லியோவின் கடையும் ஏறக்குறைய அதுதான். ரேடியோ ரிப்பேர், ரெக்கார்டு விற்பனை, அத்தோடு ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கியும் தானே செய்து விளையாட்டுப் போட்டிக்கும் நடனக் கச்சேரிக்கும் வாடகைக்கு விடுவது. கச்சேரிக்காரர்கள் கெட்டுப்போன கருவிகளைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். எந்த ஒயர் எங்கே அறுகிறது, எந்த ஜாக் எதனால் லூஸ் ஆகிறது, ஒரு சின்ன ரிப்பேருக்கு எத்தனை ஸ்க்ரூ கழற்ற வேண்டியிருக்கிறது என்று தினம் தினம் கையால் படித்தார். பின்னால் அவர் செய்த கிட்டார் ஒவ்வொன்றிலும் இந்த ரிப்பேர் மேஜையின் அடையாளம் தெரியும்.

1945-ல் டாக் காஃப்மன் என்ற இசைக்கலைஞரோடு கூட்டு சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் செய்தார். காஃப்மன் அடுத்த வருஷமே விலகிவிட, லியோ சொந்தப் பெயரில் கம்பெனி தொடங்கினார். 1948-ல் ஜார்ஜ் ஃபுல்லர்டன் வந்து சேர்ந்தார். இருவருமாக 1950-ல் கொண்டுவந்த கிட்டார்தான் பின்னாளில் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. முதலில் வைத்த பெயர் பிராட்காஸ்டர். வேறொரு கம்பெனி ஏறக்குறைய அதே பெயரில் டிரம்ஸ் விற்பதாகச் சொல்லி ஆட்சேபித்தது. லியோ என்ன செய்தார் தெரியுமா? புது லேபிள் வரும்வரை பழைய லேபிளில் அந்த வார்த்தையை மட்டும் கத்தரித்து ஒட்டினார். சிக்கனம்னா அப்படி ஒரு சிக்கனம்!

உள்ளே குடைந்த கிட்டாரில் ஆம்ப்ளிஃபயர் சத்தத்தைக் கூட்டினால் பெட்டியே அதிர்ந்து, மைக் கத்துவது மாதிரி ஊளையிடும். கெட்டிப் பலகையில் அந்தத் தொல்லை குறைவு. கெட்டிக் கிட்டாரை அவருக்கு முன்பே சிலர் செய்து பார்த்ததுண்டு. லியோவின் தனிச்சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதுவரை நல்ல கிட்டார் என்றால் கழுத்தைப் பசை போட்டு உடலோடு ஒட்டுவார்கள். கழுத்து கோணினால் நீராவி காட்டிப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். கைதேர்ந்த ஆள் வேண்டும், நாளும் ஆகும். லியோ நான்கே ஸ்க்ரூவில் கழுத்தை இறுக்கிவிட்டார். கெட்டால் கழற்று, புதுசு மாட்டு. நம்ம மில்லில் ரிங் ஃப்ரேமில் ஒரு ஸ்பிண்டில் போனால் மெஷினையா தூக்கிப் போடுகிறோம்? அதே கணக்கு.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் மனிதர் நிற்கிறார். ஒயரிங் பார்க்க இரண்டு ஸ்க்ரூ கழற்றினால் போதும், கன்ட்ரோல் தகடு வால்யூமும் ஸ்விட்சுமாகக் கையோடு வந்துவிடும். சாவிகள் ஒரே பக்கம் இருப்பதால் கம்பி வளையாமல் நேராகப் போகிறது, சுருதி அவ்வளவு சீக்கிரம் நழுவாது. சாவித் தண்டின் நடுவில் ஒரு ஓட்டை, தலையில் ஒரு பிளவு. கம்பியின் நுனியை ஓட்டைக்குள் சொருகிச் சுற்ற வேண்டியதுதான். நுனி வெளியே நீட்டிக்கொண்டு விரலைக் குத்தாது. கம்பி மாற்றி ரத்தம் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்!

ஆனால் எல்லாம் சரியாகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். இன்றைய சாதாரண செட்டில் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுவை கொடுக்கும். அந்த இழுவையில் கழுத்து வளையாமலிருக்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி, அதாவது டிரஸ் ராடு வைப்பது வழக்கம். மேப்பிள் மரம் கடினமானது, ராடு எதற்கு என்று லியோ நினைத்தார். முதலில் செய்தவற்றில் சில வளைந்தன. விற்பனையைக் கவனித்த டான் ராண்டல் விடாப்பிடியாக நின்ற பிறகே ராடு வைத்தார். அதிலும் ஒரு குறை: அதைத் திருகும் நட்டு கழுத்தின் அடிப்பக்கம், உடலுக்குள் மறைந்து கிடந்தது. கால் சுற்று திருகுவதற்குக் கழுத்தையே தளர்த்த வேண்டும். ரிப்பேர் தெரிந்த மனுஷன் இதை எப்படி விட்டார் என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

1951-ல் பேஸ் கிட்டார் வந்தது. அதற்கு முன் பேஸ் வாசிப்பவர் ஆள் உயர டபுள் பேஸை ஊர் ஊராகச் சுமந்து போக வேண்டும். மற்ற கருவிகளின் சத்தத்தில் அது கேட்கவும் கேட்காது. லியோ அதைத் தோளில் மாட்டும் அளவுக்குச் சுருக்கி, வீணைக்கு மெட்டு இருப்பது போல ஃப்ரெட்டும் வைத்தார். விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக நிற்கும், அதனால்தான் பிரிசிஷன் பேஸ் என்று பெயர். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனி ராஜாங்கம் நடத்துவதை ரசிக்காதவர் நம்மில் யார்? அந்தக் கருவியைப் பட்டறைப் பொருளாக்கி ஊரெல்லாம் கிடைக்கச் செய்தவர் இவர்தான்.

டெலிகாஸ்டரில் பலகையின் விளிம்பு விலா எலும்பில் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் சொன்னார்கள். ஆறு கம்பிக்கு மூன்றே சாடில் என்பதால் சுருதி முழுசாகச் சேரவில்லை என்றார்கள். லியோ வாதாடவில்லை, கேட்டுக்கொண்டார். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் உடம்பு படும் இடத்தையும் கை படும் இடத்தையும் சரிவாகச் செதுக்கினார். கம்பிக்கு ஒரு சாடில் வீதம் ஆறு வைத்தார். உயரத்துக்குத் தனி ஸ்க்ரூ, நீளத்துக்குத் தனி ஸ்க்ரூ. கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும். கம்பிக்குக் கம்பி இந்த ஏற்றம் மாறும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரம், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரத்தைவிட ஏறி ஒலித்தால் சாடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஸ்க்ரூ டிரைவரும் காதும் இருந்தால் நீங்களே செய்யலாம். பிளக் சொருகும் ஜாக்கைக்கூடச் சாய்வாக ஒரு குழித்தகட்டில் வைத்தார். பிக்-அப், ஸ்விட்ச், வால்யூம் எல்லாம் ஒரே வெள்ளைத் தகட்டில். தகட்டைத் தூக்கினால் சால்டரிங் பண்ண வேண்டியது கண்ணெதிரே!

குறை இல்லாமலில்லை. ஒற்றைச் சுருள் பிக்-அப் என்பதால், பக்கத்தில் பழைய சோக் வைத்த டியூப்லைட் எரிந்தால் உர்ரென்று இரையும். மூன்று நிலை ஸ்விட்சை வாசிப்பவர்கள் இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்திப் புது ஒலி கண்டுபிடித்தார்கள். கம்பெனி ஐந்து நிலை ஸ்விட்ச் போட்டது 1977-ல்தான். அப்போது கம்பெனி லியோ கையில் இல்லை.

அந்தக் கதை கொஞ்சம் வேதனையானது. தீராத சைனஸ் தொற்று அவரை வருஷக் கணக்கில் வாட்டியது. இனி அதிக நாள் இல்லை என்று நினைத்து, 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 13 மில்லியன் டாலருக்கு விற்றுவிட்டார். விற்ற பிறகு வேறொரு டாக்டர் கொடுத்த மருந்தில் நோய் குணமாகிவிட்டது! ஆள் தேறினார், ஆனால் ஃபெண்டர் என்ற சொந்தப் பெயரைத் தன் கிட்டாரில் போட முடியாதவராகிவிட்டார். கொஞ்ச காலம் அந்தக் கம்பெனிக்கே ஆலோசகராக இருந்தார். 1971-ல் டிரஸ் ராடு நட்டு தலைப்பக்கம் வந்தது, கழுத்தின் சாய்வை ஆலன் கீயால் திருத்தும் ஏற்பாடும் வந்தது. கூடவே நான்கு ஸ்க்ரூ மூன்றானது. தொழிற்சாலையில் கழுத்து உட்காரும் குழியை லூஸாக வெட்டியதால் கழுத்து ஆடியது, மூன்று ஸ்க்ரூவுக்குக் கெட்ட பெயர். டாலரன்ஸ் பாடம் போரடிக்கிறது என்கிற நண்பர்கள் கவனிக்க!

பிறகு மியூசிக் மேன் கம்பெனியில் ஸ்டிங்ரே பேஸ் செய்தார். 1979-ல் எஸ்தர் காலமானார். எழுபது வயதில், மறுபடி ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் என்ற புதுக் கம்பெனி தொடங்கினார். ஜார்ஜின் ஜி, லியோவின் எல். அங்கே சாடில்கள் ஆடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரே ஒரு சின்னத் திருகு வைத்து எல்லாவற்றையும் நெருக்கிப் பிடித்தார். பார்கின்சன் நோய் வந்து கை நடுங்கிய காலத்திலும் தினமும் வேலைக்குப் போனார். 1991 மார்ச் 21-ம் தேதி காலமானார். அவர் வேலை செய்த அறையை, மேஜையில் கிடந்த சாமான்களோடு, பல வருஷம் அப்படியே பூட்டி வைத்திருந்தார்கள்.