அண்ணனின் நிழலில் ஆண்ட தம்பி

சுவாதித் திருநாள் மகாராஜாவின் பெயரைக் கேள்விப்படாத சங்கீத ரசிகர் இருக்க முடியாது. அவருக்கு ஒரு தம்பி இருந்ததும், பாறசாலை, நெய்யாற்றின்கரை மக்களின் வாழ்வைத் தொட்ட இரண்டு உத்தரவுகள் அந்தத் தம்பியின் பெயரில் வெளிவந்ததும் பலர் அறியாத செய்தி. அவர்தான் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா.

1814ல் ராணி கௌரி லட்சுமிபாயின் இளைய மகனாகப் பிறந்தார். மறு ஆண்டே தாய் காலமானார். சிற்றன்னை கௌரி பார்வதிபாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அண்ணனும் தம்பியும் தஞ்சாவூர் சுப்பாராவிடம் ஆங்கிலம் பயின்றனர். அண்ணன் பாட்டில் மனம் வைத்தார். தம்பிக்கு மேல்நாட்டு மருத்துவத்திலும் கதகளியிலும் ஈடுபாடு.

திருவிதாங்கூரில் மருமக்கத்தாயம். மன்னரின் மகனுக்கு அரியணை இல்லை. 1846 டிசம்பரில் சுவாதித் திருநாள் 33 வயதில் மறைந்ததும், ஆட்சி தம்பியைத் தேடி வந்தது. இங்கிலாந்தின் விக்டோரியா ராணிக்கு இவர் அனுப்பிய தந்தச் சிம்மாசனம், 1851ல் லண்டன் மாபெரும் பொருட்காட்சியில் இடம்பெற்றது.

சிம்மாசனம் புகழ் பெற்றது; ஆனால் நாட்டில் அடிமை முறை இருந்தது. வயலில் உழைத்தவர்களைப் பொருளைப் போல விற்றார்கள். 1853ல் ஓரளவும், 1855ல் முழுமையாகவும் அடிமை முறையை நீக்கி இவர் அறிக்கை வெளியிட்டார்.

அடுத்து வந்தது தோள்சீலைப் போராட்டம். நாடார் பெண்கள் மேலாடை அணிவதை உயர்சாதியினர் எதிர்த்தனர். 1858லும் 1859லும் தென் திருவிதாங்கூரில் கலவரம் பரவியது. சந்தைக்குப் போன பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது. ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ் முதலில் வெளியிட்ட அறிவிப்பு, பழைய வழக்கத்தை மீறக் கூடாது என்றே கூறியது. மிஷனரிகள் முறையிட்டனர். சென்னை கவர்னர் டிரெவல்யன் நெருக்கினார். 1859 ஜூலை 26ல் மன்னர் பணிந்தார். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் கூடாது என்பது நிபந்தனை. கொடுத்த உரிமையிலும் ஒரு குறை வைத்தார்கள்.

மறு ஆண்டு, 1860 ஆகஸ்டில் உத்திரம் திருநாள் காலமானார். சகோதரியின் மகன் ஆயில்யம் திருநாள் பட்டத்துக்கு வந்தார்.

இந்த மன்னரைப் புரட்சிக்காரர் என்று சொல்ல முடியாது. காலத்தின் நெருக்கடி அவர் கையைப் பிடித்து எழுத வைத்தது. அந்த நெருக்கடியை உண்டாக்கியவர்கள், அடி வாங்கியும் ஆடையைக் களைய மறுத்த நம் ஊர்ப் பாட்டிமார்கள். உத்தரவில் இருப்பது மன்னரின் பெயர். அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள். பாறசாலை சந்தையைக் கடந்து வேலைக்குப் போகும் நாம் இரண்டையும் மறக்கலாகாது.